காத்திருக்கும் கதை

கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே பொறுமை ஒன்று இருத்தல் வேண்டும். கேட்பவர் 'உம்' கொட்டுவார். அதற்காகச் சொல்பவர் சற்றே காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு இல்லாவிடில் கதை கேட்பவரை விட்டுவிட்டுத் தனியே போய்விடும். ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும் என்பதைக் கிள்ளானில் ஒரு பாட்டியும் பேரனும் கண்டனர்.

பேரன் நான்காம் படிவ மாணவன். பாட்டி முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ஆங்கிலம் அறியாதவர். பேரன் ஆடியது 'டிராகன் குவெஸ்ட்' வரிசையின் பதினோராம் பாகம். யூஜி ஹோரி வடிவமைக்க 1986இல் தொடங்கிய வரிசை அது. பதினோராம் பாகம் 2017இல் ஜப்பானிலும் மறு ஆண்டு ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆடுபவர் கதைமாந்தராக வேடமேற்று, ஊர் ஊராகச் சென்று, பலரோடு உரையாடிப் பகை முடிக்கும் இவ்வகை ஆட்டத்தில் படிக்க வேண்டிய எழுத்து ஏராளம்.

"என்னய்யா சொல்றான் அவன்?" என்று பாட்டி ஒருநாள் கேட்டார். பேரன் தமிழில் சொல்லத் தொடங்கினான். ஆற்றில் மிதந்து வந்த குழந்தையைக் கிழவர் ஒருவர் கண்டெடுத்தார் என்றதும், "அட, நம்ம கர்ணன்!" என்று பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் அரசகுலத்துப் பிள்ளை என்பது பின்னர் வெளிப்பட்டபோது, "அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார்.

வழிப்போக்கர் தங்கும் விடுதியை அவன் 'ஹோட்டல்' என்றான். "சத்திரம்னு சொல்லுய்யா" என்று பாட்டி திருத்தினார். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்றும் அவன் நாவில் ஏறாத சொற்கள் அந்த வரவேற்பறையில் ஏறின. அதற்கு இடம் தந்தது ஆட்டத்தின் அமைப்பே. பொத்தானை அழுத்தும்வரை திரையில் எழுத்து நிற்கும். போரிலும் தாக்குவதா, மருந்து கொடுப்பதா என்று ஆடுபவன் முடிவு செய்யும்வரை பகைவன் தன் முறைக்காகக் காத்து நிற்பான். அந்த இடைவெளியில்தான் பாட்டி யோசனை சொன்னார்.

பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்கு அருகே குடியிருக்கும் மாமன் மகன், 2023இல் வெளிவந்த 'பைனல் பேண்டசி' பதினாறாம் பாகத்தை இரவல் தந்தான். அது முறைவைத்து ஆடும் ஆட்டமன்று. கணந்தோறும் கை இயங்க வேண்டிய போர். அதன் காட்சிகளின் வனப்பைக் குறைகூற இயலாது. ஆயினும் பேரனின் கண்ணும் கையும் போரிலேயே கட்டுண்டு கிடந்தன. நிறுத்தி நிறுத்திச் சொன்னால் போரின் சூடு ஆறியது. சொல்லாவிட்டால் பாட்டிக்குக் கதை புரியவில்லை. மூன்றாம் நாள், "நீ ஆடுய்யா, எனக்கு வேலை இருக்கு" என்று பாட்டி எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே வேலை ஒன்றும் இல்லை என்பது பேரனுக்குத் தெரியும்.

அடுத்த விடுமுறையில் மாமன் மகன் கிள்ளானுக்கு வந்திருந்தபோது, இனிவரும் ஆட்டங்கள் எப்படி அமைய வேண்டும் என்ற வாதம் எழுந்தது. வேலைக்குப் போகும் அவனுக்கு இரவில் ஒரு மணி நேரமே ஓய்வு. எந்த இடத்திலும் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி வேண்டும், ஒரே வகைப் போரை நூறு முறை ஆட வைக்கக் கூடாது, விரைவு வேண்டும் என்றான். நியாயமான விருப்பங்களே. முறைவைத்து ஆடுவது பழமை என்றும் சொன்னான். பேரன் அதை மறுத்தான். பிரான்சு நாட்டுக் கலைஞர்கள் அம்முறையைப் புதுக்கி 2025இல் வெளியிட்ட 'கிளேர் ஒப்ஸ்கூர்' உலகெங்கும் வரவேற்புப் பெற்றதை எடுத்துக்காட்டினான்.

பாட்டியின் கேள்வி வேறு. "இவங்க ஏன் தமிழ்ல பேசுறதில்ல?" இருவரும் விடையின்றி இருந்தனர். பின்னர், டொரோண்டோவில் உருவாகி 2023இல் வந்த 'வெண்பா' என்னும் சிறு ஆட்டத்தைப் பேரன் காட்டினான். புலம்பெயர்ந்த தமிழ்த்தாய் ஒருத்தி சமைக்கும் கதை அது. இட்லியைக் கண்டு பாட்டி சிரித்தார். தமிழ்க் குடும்பம் திரையேறிவிட்டது. ஜப்பானியரின் நெடுங்கதைகள் தமிழ் பேசுவதுதான் எஞ்சியிருக்கும் ஆசை.

'டிராகன் குவெஸ்ட்' பன்னிரண்டாம் பாகம் 2021 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது, கட்டளையிட்டுப் போரிடும் முறை மாற்றம் பெறும் என்று ஹோரி கூறியிருந்தார். அதை அறிந்த நாள்முதல் பேரனுக்கு ஓர் அச்சம். மாறட்டும், ஆனால் எழுத்து நிற்கட்டும் என்பதே அவன் விருப்பம். மெல்லக் கற்கும் மாணவனுக்காக நிற்கும் ஆசிரியரைப் போல, பக்கத்தில் இருப்பவருக்கும் விளங்கும்வரை கதை நிற்க வேண்டும்.

அன்றிரவு அவன் பதினோராம் பாகத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். ஆற்றில் குழந்தை மிதந்து வந்தது. பொத்தானை அழுத்தாமல், சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்: "பாட்டி, கர்ணன் வந்துட்டான்!"