பனிமலையில் பாய் விரித்தல்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு யமுனை பழகிய ஆறு. பாலத்தின் மீது செல்லும்போது அன்றாடம் அதைக் காண்கிறோம். அதன் நீரைக் குடித்தும் வருகிறோம். ஆனால் அந்த யமுனைக்கு வளம் சேர்க்கும் டோன்ஸ் ஆறு எங்கே பிறக்கிறது என்று வினவினால், நம்மவருள் பலர் விடை கூறத் தயங்குவர். உத்தராகண்டத்தின் வடமேற்கு மூலையில், ரூபின், சூபின் என்னும் இரு மலையாறுகள் நைட்வார் என்ற சிற்றூரில் கூடி டோன்ஸ் ஆகின்றன. சூபினோடு வந்து சேரும் ஓடையொன்றைப் பற்றிக்கொண்டு மேலே நடந்தால், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் ஹர்-கீ-தூன் என்னும் பள்ளத்தாக்கை அடையலாம். அங்கிருந்து பார்த்தால் 6,252 மீட்டர் உயரமுள்ள ஸ்வர்க்காரோஹிணிச் சிகரம் தெரியும். பாண்டவர் விண்ணுலகுக்கு ஏறிய வழி அதுவே என்பது அம்மலைநாட்டார் நம்பிக்கை.

2023-ஆம் ஆண்டு அக்டோபரில், விஜயதசமி விடுமுறையை ஒட்டி, எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஐந்து குடும்பத்தார் பதினான்கு பேராக அங்கே சென்று வந்தோம். எங்களுள் இளையவன் பதினொரு வயதுச் சிறுவன்; மூத்தவர் அறுபத்திரண்டு வயது நிரம்பிய ஓர் அம்மையார். இளமையில் கும்பகோணத்தில் பாரதப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர் அவர். ஸ்வர்க்காரோஹிணியை ஒரு முறை கண்ணாரக் காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. நாள்தோறும் காலையில் நான்கு மைல் நடக்கும் பழக்கம் உள்ளவராதலால், வழிநடை பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. அவருடைய மகன் கேட்ட கேள்வி வேறு. “அம்மாவால் நடக்க முடியும். ராத்திரி அந்தக் குளிரில் தரையில் படுக்க முடியுமா?” என்றார். இதற்குத் தக்க விடை கிடைத்தால் அம்மையார் வருவார். இல்லையேல் வீட்டில் இருந்துவிடுவார் என்று முடிவாயிற்று. எனவே, எங்கள் பயண ஏற்பாடு படுக்கையில்தான் தொடங்கிற்று.

தரையின் குணம்

தமிழ்நாட்டிலே தரை நமக்கு உற்ற நண்பன். சித்திரை மாத இரவில் மதுரையிலோ திருச்சியிலோ கட்டிலையும் மெத்தையையும் ஒதுக்கிவிட்டு, சிமெண்டுத் தரையில் ஒரு கோரைப் பாயை விரித்துப் படுக்கிறோம். உடலின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொள்கிறது; அந்தக் குளிர்ச்சியில் கண் அயர்கிறோம். பனிமலையிலும் தரை அதே தொழிலைத்தான் செய்கிறது. மதுரையில் எது இன்பமோ அதுவே அங்கே துன்பம். விடிய விடிய உடலின் சூட்டை உறிஞ்சினாலும் அந்த நிலத்தின் தாகம் தீர்வதில்லை.

கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்தினால் போதாதா என்று கேட்கலாம். போர்வை சூட்டைக் காப்பது தன் இழைகளுக்கு இடையே காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதால்தான். உடலின் கீழே அகப்பட்ட பகுதி நம் பாரத்தால் நசுங்கிவிடுகிறது. அங்கே காற்றும் இல்லை, காப்பும் இல்லை. மலைப் பயணிகள் உள்ளே புகுந்து படுக்கும் உறக்கப் பைக்கும் இதே கதிதான். அந்தப் பைகளின் மீது அச்சிட்டுள்ள வெப்ப அளவுகள்கூட, அடியில் காப்புள்ள பாய் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு சோதித்துக் கண்டவையே. வெறுந்தரையில் படுப்பவருக்கு அந்த அளவு பொருந்தாது. ஆகவே, மேலே போர்த்துவதற்குப் பணம் செலவிடுமுன் கீழே விரிப்பதற்குச் செலவிடுவதே முறை.

குளிர் எவ்வளவு இருக்கும் என்பதையும் முன்னரே கணக்கிடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. தில்லியைவிட ஹர்-கீ-தூன் சுமார் 3,300 மீட்டர் உயரம். எனவே இருபது டிகிரிக்கு மேல் வேறுபாடு. அக்டோபர் கடைசியில் நம் வீட்டில் மின்விசிறியை நிறுத்தும் இரவு, அங்கே தண்ணீர் உறையும் இரவு. அன்றியும், அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. இயல்பாகவே உறக்கம் குறையும் இடத்தில் குளிரும் சேர்ந்தால், மறுநாள் நடக்கும் வலிமை போய்விடும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அது ஆபத்தாகவும் முடியும்.

காற்று மெத்தையின் கதை

1972-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், போயிங் விமானத் தொழிற்சாலையில் வேலையிழந்த பொறியாளர்களான ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் ஆகியோர் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து, நுரைப் பஞ்சைக் காற்றுப் புகாத துணிக்குள் அடைத்து ஒரு மெத்தை செய்தனர். அதன் வாயைத் திறந்தால் பஞ்சு தானே விரிந்து காற்றை உள்ளிழுத்துக்கொள்ளும். தெர்ம்-எ-ரெஸ்ட் என்ற பெயரில் வெளிவந்த அதுவே இன்றைய மலைப் படுக்கைகளுக்கு முன்னோடி. இப்பொழுது பெரும்பாலோர் வாங்குவது அதனினும் இலகுவான காற்று மெத்தை. சுருட்டினால் ஒரு தண்ணீர்ப் புட்டியின் அளவே இருக்கும். நல்லவை பல அரைக் கிலோவுக்கும் உட்பட்ட எடையுள்ளவை.

காற்றை அடைத்தவையெல்லாம் ஒன்றே என்று எண்ணலாகாது. விருந்தினருக்காக வீட்டில் ஊதி வைக்கும் பெரிய மெத்தையினுள் காற்று தடையின்றி உலவுகிறது. உடலின் சூட்டை மேலே வாங்கிக் கீழே தரையிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மீண்டும் வருகிறது. நின்ற காற்று காவற்காரன். உலவும் காற்று கள்வன். நம் ஊர் இலவம்பஞ்சு மெத்தை கதகதப்பாக இருப்பதும் பஞ்சு காற்றை நிற்க வைப்பதால்தான். மலைக்கென்று செய்த மெத்தைகளில் இந்த வேலையைச் செயற்கைப் பஞ்சோ, வாத்தின் மென்னிறகோ, சூட்டை உடலுக்கே திருப்பியனுப்பும் பளபளப்பான மெல்லிய தாள் அடுக்குகளோ செய்கின்றன. தாள் அடுக்குள்ளவை சில, புரளும்போது சலசலவென்று ஓசை செய்யும். கடையிலேயே படுத்துப் பார்த்துவிடுவது நலம்.

எது எவ்வளவு காக்கும் என்பதை அறிய ஓர் எண் இருக்கிறது. ஆர் எண் என்பர். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் அளந்து வந்தது. 2018-இல் அமெரிக்கத் தர அமைப்பு ஒன்று பொதுவான சோதனை முறையை வெளியிட்டது. சூடான தகட்டுக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் இடையே மெத்தையை வைத்து, சூடான தகடு ஆறாதிருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்ப்பார்கள். குறைவாகச் செலவானால் எண் உயரும். எண் 2-க்குக் குறைந்தால் கோடைக்கு மட்டுமே ஆகும். 2 முதல் 4 வரை மிதமான குளிருக்கு. 4-க்கு மேல் உறைபனி இரவுக்கு. பனிக்கட்டியின் மேலேயே படுப்பதானால் ஐந்தரைக்கு மேல் வேண்டும். இதில் மற்றொரு வசதியும் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றை விரித்தால் இரண்டின் எண்களும் கூடும். எண் 2 உள்ள நுரைப் பாயின் மேல் எண் 4 உள்ள காற்று மெத்தையை இட்டால் 6 ஆகிவிடும். காற்று மெத்தை முள் குத்தி வற்றினாலும் நுரைப் பாய் கைவிடாது.

ஆளுக்கேற்ற படுக்கை

இவற்றை மனத்திற்கொண்டு எங்கள் குழுவினர் தேர்ந்தனர். இளைஞர்கள் எண் 4-க்குச் சற்று மேற்பட்ட மெத்தையை எடுத்துக்கொண்டனர். ஒரே குளிரில் ஆண்களைவிடப் பெண்களுக்குக் குளிர் மிகுதியாக உறைப்பது வழக்கமாதலால், பெண்டிருக்கு 5-ஐ ஒட்டியவை. சிறுவனுக்கு அவன் உயரத்துக்குப் போதுமான குட்டை மெத்தை, சுமையும் குறைந்தது. அம்மையாருக்கு மட்டும் நுரைப் பாயும் காற்று மெத்தையும் இரண்டுமாக, எண் 7 வரும்படி அமைத்தோம். அவர் ஒருக்களித்துப் படுப்பவர். மெல்லிய மெத்தையில் இடுப்பெலும்பு தரையைத் தொடும். ஆகையால் ஒன்பது சென்டிமீட்டர் கனமுள்ளதைத் தேடினோம். வழக்கமான அகலம் 51 சென்டிமீட்டர். கை வெளியே விழுந்து சில்லிடும். அவருக்கு 64 சென்டிமீட்டர் அகலம் கொண்டதே வாங்கப்பட்டது. விலை ஒரு மாத மளிகைச் செலவை எட்டியது உண்மை. மற்றவர்களில் சிலர் வாடகைக்கே எடுத்தனர். டேராடூனிலும் சாங்க்ரியிலும் பாய்களும் உறக்கப் பைகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை போகிறவர்களுக்கு அதுவே சிக்கனம். வாங்குமுன் ஊதி, பத்து நிமிடம் வைத்து, காற்று இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருநெல்வேலி அன்பர் ஒருவர் மட்டும் இவற்றுக்கெல்லாம் நகைத்தார். “பத்தமடைப் பாயில் பிறந்து வளர்ந்தவனுக்கு மெத்தை எதற்கு?” என்று சொல்லி, மெல்லிய நுரைப் பாய் ஒன்றோடு புறப்பட்டார்.

ஆற்றைத் தொடர்ந்து

டேராடூனிலிருந்து விகாஸ்நகர் வழியாகச் செல்வோர் காளசியில் சற்று இறங்கவேண்டும். யமுனையும் டோன்சும் கூடும் இடத்தருகே அசோகனின் பாறைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. எல்லைக்கு அப்பாற்பட்ட நாட்டவரைக் குறிக்கையில் சோழரையும் பாண்டியரையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இமயத்தின் காலடியில் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு அனைவரும் மகிழ்ந்தோம்.

புரோலா, மோரி, நைட்வார் கடந்து மாலையில் சாங்க்ரியை அடைந்தோம். அதற்கு அப்பாலுள்ள காடுகள் 1955-இல் ஏற்பட்ட கோவிந்த் வனவிலங்குப் புகலிடத்தைச் சேர்ந்தவை. அனுமதிச் சீட்டு பெற்றே செல்லவேண்டும். மறுநாள் ஜீப் செல்லும் தூரம் சென்று, பின்பு நடந்து, ஓஸ்லா என்னும் ஊரின் அருகே தங்கினோம். தேவதாரு மரத்தாலும் கல்லாலும் கட்டிய வீடுகள். கீழ்த்தளத்தில் மாடும் ஆடும், மேல்தளத்தில் மனிதர். கால்நடைகளின் உடற்சூடு மரத்தளத்தின் வழியே மேலே ஏறிவருகிறது. குளிர் கீழிருந்து வருகிறது என்பதை அறிந்து, அக்கீழ்த்தளத்திலேயே சூட்டைக் குடிவைத்த அவர்களுடைய அறிவை என்னென்பது! ஆர் எண் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்த உண்மை அது.

அதற்கு மறுநாள் மாலை ஹர்-கீ-தூனை அடைந்து, வனத்துறையினர் காட்டிய இடத்தில் கூடாரம் அமைத்தோம். முதல் வேலையாகச் சிறு கற்களையும் முட்களையும் சுள்ளிகளையும் பொறுக்கி அகற்றினோம். வாயால் ஊதாமல், உடன் வந்த பையினால் காற்றை அடைத்தோம். மூச்சின் ஈரம் உள்ளே தங்கினால் மெத்தை கெடும். கல் போல விறைக்கும்படி நிரப்பாமல், ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு தரையைத் தொடாத அளவே நிரப்பினோம். இரவு குளிரக் குளிர உள்ளிருக்கும் காற்றும் சுருங்கும். மெத்தை தளர்ந்துவிட்டது, ஓட்டை விழுந்துவிட்டது என்று அஞ்சவேண்டியதில்லை. படுக்குமுன் இன்னும் சிறிது காற்றைச் சேர்த்தால் சரியாகிவிடும். மெய்யாகவே ஓட்டை விழுந்தால், சோப்பு நீர் தடவிக் குமிழி எழும் இடத்தைக் கண்டு, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவது போல ஒட்டலாம். அதற்கான ஒட்டுத்துண்டு எப்போதும் பையில் இருக்கவேண்டும்.

இரவு இரண்டு மணி அளவில் கூடாரத்துக்கு வெளியே காலடி ஓசை கேட்டது. திருநெல்வேலி அன்பர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். பற்கள் தாளம் போட்டன. காலிப் பைகள், கயிற்றுச் சுருள், உலர்ந்த துணிகள் ஆகியவற்றை அவருடைய பாயின் அடியில் அடுக்கிக் கொடுத்தோம். வெந்நீர்ப் புட்டி ஒன்றையும் பைக்குள் வைத்தோம். அரை மணியில் உறங்கிப்போனார். மறுநாள் இரவு சிறுவனின் தந்தை தம்மிடம் மிகுதியாக இருந்த நுரைப் பாயை நீட்டியபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

விடியற்காலையில் வெளியே வைத்திருந்த குவளையில் தண்ணீர் உறைந்து கிடந்தது. அம்மையார் எங்களுக்கு முன்பே எழுந்து, சால்வையைப் போர்த்துக்கொண்டு, கிழக்கு நோக்கி நின்றார். சிகரத்தின் முடியில் முதல் வெயில் பட்டது. “தூக்கம் வந்ததா, அம்மா?” என்று மகன் கேட்டார். “வீட்டிலே தூங்குகிற மாதிரிதான் தூங்கினேன். பாவம், பாஞ்சாலிக்கு இந்த மாதிரி ஒரு பாய் கொடுக்க ஆளில்லை” என்றார் அம்மையார். அவர் கேலிக்குச் சொன்னாரா, இரக்கத்தால் சொன்னாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வடநாட்டில் வாழும் நம் குடும்பங்களுக்கு இமயம் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒத்துவராது என்று அவர்களை விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடையே மிகுதி. மருத்துவரைக் கேட்டு, நாட்களை நிதானமாக வகுத்து, படுக்கையையும் ஆராய்ந்து தேர்ந்தால், அவர்களுள் பலர் நம்மோடு வரமுடியும். பயணப் பட்டியல் எழுதும்போது, யார் யார் எதன் மேல் படுப்பார்கள் என்பதை அதன் முதல் வரியாக அன்பர்கள் எழுதிக்கொள்வார்களாக.