டிகாக்ஷன் கலர் மீன்தொட்டி!

முக்கொம்பில் ஆற்றில் இறங்கியவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் கிடக்கும் கல்லில் கால் வைத்தால் சர்ரென்று வழுக்கும். அந்தப் பழுப்பு வழுவழுப்பு, புதுசாக மீன்தொட்டி வைத்த இரண்டாவது வாரம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது! கண்ணாடி, மணல் எல்லாம் டிகாக்ஷன் கொட்டின கலர்.

‘‘மீனெல்லாம் செத்துடுமாப்பா?’’ - கண் கலங்கினாள் மகள். ‘‘எல்லாத்தையும் கொட்டிக் கழுவுங்க’’ என்றாள் மனைவி. கடைக்காரர் மருந்து பாட்டிலை நீட்டினார்.

அது அழுக்கே இல்லை சார்! டயாட்டம் என்ற நுண்பாசி. தண்ணீரிலுள்ள சிலிக்காவை எடுத்துக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும். மீனை ஒன்றும் செய்யாது. ஆனால், மணலையும் ஃபில்டரையும் தேய்த்துக் கழுவினால், மீன் கழிவின் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா போய்விடும். ஆபத்து அங்கேதான்!

கண்ணாடியை மட்டும் துடைத்து, வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். ஆறாவது வாரம் பழுப்பு போயே போச்சு. கடைக்காரருக்குத்தான் ஏமாற்றம்!