ரெண்டு கார்டு

ஒரகடத்துல நைட் ஷிப்ட் முடிஞ்சு, செம்பரம்பாக்கம் வீட்டுல ஒரு குளியல். தூக்கத்துக்கு டாட்டா சொல்லிட்டு, போரூர் வழியா நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டர் கேமரா கண்காட்சிக்குப் போயிட்டேங்க. கல்யாண போட்டோகிராபர் ஆகணுமே!

கையில சேர்த்து வச்ச 40,000. கண்ணு 70-200 லென்ஸ் மேல. விலையைக் கேட்டதும் பூ மாதிரி கீழ வச்சுட்டேன் :-)

பக்கத்துல ஒரு பெரியவர், 30 வருஷமா கல்யாணம் எடுக்கறவராம். "தம்பி, உன் கேமராவுல எத்தனை கார்டு போடலாம்?"

"ஒண்ணுதான் சார்."

"அது போச்சுன்னா மறுபடியும் தாலி கட்டச் சொல்லுவியா?"

சுருக்குன்னுச்சு. சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல நான் எடுத்த முகூர்த்தப் படமெல்லாம் கார்டோட போனது அவருக்கு எப்படித் தெரியும்? சித்தப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசலை.

லென்ஸ் அப்புறம். முதல்ல ரெண்டு கார்டு கேமரா. ஒரே படம் ரெண்டுலயும் பதிவாகும்.

சித்தப்பாவோட சின்னப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறாங்க. என்னைக் கூப்பிடுவாரா?