காது உங்களுது பாஸ்!

'முறக்காதன்'... காலேஜ்ல எனக்கு வெச்ச பேர் இதுதான். காது ரெண்டும் விடைச்சுக்கிட்டு நிக்கும். உங்க செட்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார், பாருங்க.

இதைச் சரிபண்ண ஆபரேஷன் உண்டு. கேலிக்கு ஆளான ஒரு பையனுக்குச் செய்ததை நியூயார்க் டாக்டர் எட்வர்ட் ஈலி 1881-லேயே எழுதியிருக்கிறார். இப்போது, காதுக்குப் பின்னால் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தைக்கிறார்கள். கேட்கும் திறன் மாறாது.

ஆனா, நம்ம புதுக்கோட்டை பக்கம் அப்பத்தாக்கள் காது வளர்த்து தண்டட்டி போட்டாங்க. அன்னிக்கு அதுதான் அழகு! காலம் மாறினதும், வளர்த்த காதை வெட்டித் தைச்சுக்கிட்டவங்களும் உண்டு. சித்தன்னவாசல் சமணச் சிற்பங்களுக்கும் நீளக் காதுதான். கையெடுத்துக் கும்பிடுறோம்.

ஆபரேஷனே வேண்டாம்னு சொல்லலை. உங்களுக்கே உறுத்துதா? டாக்டரைப் பாருங்க. செலவு, தழும்பு எல்லாம் கேட்டுக்குங்க. பேர் வெச்சவனுக்காக மட்டும் போகாதீங்க. காது சரியானா, அடுத்து மூக்குக்கு ஒரு பேர் வைப்பான்!

நானா? முடி வளர்த்துக் காதை மறைக்கிறதை விட்டுட்டேன். மத்ததை வேலைக்குப் போய், சொந்தச் சம்பளத்துல நானே முடிவு பண்ணிக்கிறேன்.