சால்வையும் சலானும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கலுக்கு முதல் நாள் ஒரு சின்ன விழா உண்டு. பெருக்குகிற, குப்பை அள்ளுகிற, கழிவறை கழுவுகிற பெண்களை அழைத்துச் சால்வை போர்த்துவோம். ஸ்வீட் பாக்ஸ் கொடுப்போம். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். சங்கத்தின் பொருளாளர் என்பதால் சால்வை வாங்கி வருவது என் வேலை.

ஒரு வருஷம் கடைக்குக் கிளம்பும் முன் அவர்களில் மூத்தவரிடம், “சால்வையா, புடவையா, எதும்மா வேணும்?” என்று கேட்டேன்.

“எது குடுத்தாலும் சரி சார்” என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “மாசாமாசம் பி.எஃப்.னு புடிக்கிறாங்க. அது எங்க போவுதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார். ரெண்டு காண்ட்ராக்டர் மாறிட்டாங்க.”

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காண்ட்ராக்டருக்கு மாதாமாதம் காசோலையில் கையெழுத்துப் போடுபவனும் நான்தான். பில்லை எடுத்துப் பார்த்தேன். ஆளுக்கு இவ்வளவு சம்பளம், நிறுவனத்தின் பங்காக பி.எஃப்., இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், சர்வீஸ் சார்ஜ், மொத்தத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எல்லாம் வரிசையாக இருந்தன. அந்தம்மாவின் சம்பளத்திலும் தனியாக 12 சதவீதம் பிடித்திருந்தார்கள். நாங்கள் கொடுத்ததும் அவரிடம் பிடித்ததும் எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தன என்பதற்கு மட்டும் ஒரு தாளும் இல்லை.

பி.எஃப். பிடிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் இருக்க வேண்டும். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. அந்தப் பெண்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு எண் இருப்பதே தெரியவில்லை. காண்ட்ராக்டரைக் கேட்டேன். “கட்டியாச்சு சார், சலான் ஆடிட்டர்கிட்ட இருக்கு” என்றார். அடுத்த மாதமும் அது ஆடிட்டரிடமே இருந்தது.

கமிட்டியில் பேச்சை எடுத்தேன். “அவங்க காண்ட்ராக்டர் ஆளுங்க சார், நமக்கென்ன?” என்றார் ஒருவர். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. காண்ட்ராக்டர் மூலம் ஆள் வைத்தாலும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. விஷயத்தில் வேலை வாங்குகிற நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. அதை எடுத்துச் சொன்ன பிறகு ஒரு தீர்மானம் போட்டோம்: முந்தைய மாதத்துச் சலானும், அதோடு தொழிலாளர் பெயர்ப் பட்டியலும் வந்தால்தான் அடுத்த காசோலை. காண்ட்ராக்டர் முணுமுணுத்தார், ரேட்டை ஏற்றினார். பராமரிப்புக் கட்டணம் கூடியது. விழாவில் பலமாகக் கைதட்டிய சிலர்தான் அதற்குப் பலமாகச் சண்டை போட்டார்கள். எனக்குப் பாடம் அங்கேதான் கிடைத்தது. பாராட்டுவதற்கு எல்லோரும் வருகிறார்கள். அதே ஆளுக்குச் சேர வேண்டிய காசு என்றால் பாதிப் பேர் நழுவிவிடுகிறார்கள்.

பழைய காண்ட்ராக்டர்கள் பிடித்த பணத்தில் பெரும்பகுதி இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது எல்லோரிடமும் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறது. மூட்டுவலிக்கு அந்தம்மா கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய்வருகிறார். டிரைவர்களுக்கென்று பூட்டி வைத்திருந்த கழிவறையையும் திறந்துவிட்டோம். அதுவரை, நாள் முழுக்க நம் கழிவறைகளைக் கழுவிய பெண்கள் தங்களுக்கென்று ஒன்று இல்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது ஒரு குடியிருப்பின் கதை மட்டுமல்ல. 2020இல் கொரோனா வந்தபோது பல ஊர்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டோம், பாதபூஜைகூடச் செய்தோம். 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். தங்கள் மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது, வாங்குகிற சம்பளம் குறையக் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்டது. ஆகஸ்ட் 13ஆம் தேதி இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. யாரும் அங்கே மாலை கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பது நமக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்க முடியாத இடத்தில் வைக்கப்பட்டவர்கள் என்பதால்தான் அவர்கள் சம்பளத்தில் கைவைப்பது சுலபமாக இருக்கிறது.

உங்கள் குடியிருப்பிலோ அலுவலகத்திலோ பெருக்குகிறவரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: சம்பளச் சீட்டு வருகிறதா, யு.ஏ.என். தெரியுமா, வார விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, போக ஒரு கழிவறை இருக்கிறதா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதை முதல் பொருளாக வையுங்கள். பாராட்டு விழாவை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.