துபாயில் பெருநாள், கீழக்கரையில் நோன்பு

ஜூன் மாத துபாயில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் வெயிலில் கொதித்துக் கிடக்கும். அதற்கு இங்கே பழகியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோடை வந்ததும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். ஏ.சி. ஓடும் வீட்டுக்குள் இருப்பதால் ஹீட்டரில் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆக, பச்சைத் தண்ணீர் வேண்டுமென்றால் ஹீட்டர் குழாயைத் திறக்க வேண்டும்! எங்கள் பெருநாள் குளியல் இப்படித்தான் நடக்கிறது.

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட 10, 11 நாள் குறைவு. அதனால் ஹஜ்ஜுப் பெருநாள் வருஷா வருஷம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2016-ல் செப்டம்பரில் வந்தது, 2025-ல் ஜூன் 6-க்கு வந்துவிட்டது. இடைப்பட்ட பெருநாள்கள் எல்லாமே சுடும் மாதங்களில்தான். ஒன்பது வயதாகும் என் மகளுக்கு வெயில் இல்லாத ஹஜ்ஜுப் பெருநாளே தெரியாது.

தொழுகை சூரியன் உதித்த சற்று நேரத்திலேயே முடிந்துவிடும். தேராவை ஒட்டிய அல் பராஹா ஈத்கா திடலுக்கு விடியும் முன்பே கிளம்பினால்தான் இடம் கிடைக்கும். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. தக்பீர் முழக்கம், ஊது வாசனை, பட்டாணியரின் சல்வார், சூடானியரின் வெள்ளைத் தலைப்பாகை, நடுவே நம் ஊர் வேட்டி. கட்டித் தழுவி வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் முதுகு நனைந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஊருக்கு போன். 1970-களிலிருந்தே கீழக்கரைக்காரர்கள் இங்கே பிழைக்க வருவதால், அந்தக் காலை நேரத்தில் எங்கள் கட்டடத்தில் பல வீடுகளிலும் இதே பேச்சுதான்.

“பெருநாள் வாழ்த்து உம்மா!”

“உங்களுக்கும் வாழ்த்தும்மா. எனக்கு இன்னைக்கு அரஃபா நோன்பு. பிள்ளைகளுக்கு வயிறாரக் கொடு.”

ஊரில் பிறை பிந்தியதால் பெருநாள் மறுநாள்தான். நாங்கள் பிரியாணிக்கு தம் போடும்போது உம்மா பட்டினியாக இருக்கிறார். வருஷம் பல ஆகியும், அந்த முதல் கவளம் எனக்குச் சட்டென்று இறங்குவதில்லை. ஊரில் மஃரிப் பாங்கு சொல்லும்போது இங்கே மாலை ஐந்து மணி கடந்திருக்கும், வெயில் அப்படியே நிற்கும். “நோன்பு திறந்தாச்சு” என்று மெசேஜ் வந்த பிறகுதான் தேநீர் ருசிக்கும்.

ஆட்டுக் கதை வேறு. இங்கே வீட்டிலோ தெருவிலோ அறுக்கக் கூடாது, அபராதம் உண்டு. மாநகராட்சியின் அறுப்புக் கூடத்தில்தான் குர்பானி. செயலியில் பணம் கட்டினால் கறி பையில் வந்து சேரும். சுத்தமான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கறியை மூன்று பங்காகப் பிரித்தால் சொந்தக்காரர் பங்கை யாரிடம் கொடுப்பது? சொந்தமெல்லாம் கடல் தாண்டி இருக்கிறது. அதனால் எங்கள் குர்பானிப் பணம் கீழக்கரைக்கே போய்விடும். ஆடு என் கொழுந்தன் வீட்டு வாசலில் நாலு நாள் முன்பே கட்டப்படும். பங்குகள் தெருவில் இல்லாத வீடுகளுக்குப் போகும். இங்கே நாங்கள் கடைக்கறியில் கூடுதலாகச் சமைத்து, பக்கத்துக் கட்டடத்தில் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் தம்பிகளுக்கு அனுப்புகிறோம். தாளிச்சா வாளி எப்போதும் காலியாகத்தான் திரும்பும்.

இரவு ஒன்பதுக்கு மேல் க்ரீக் பக்கம் போவோம். ஒரு திர்ஹமுக்கு அப்ரா படகில் பர் துபாய் போகலாம், திரும்பி வர இன்னொரு திர்ஹம். அந்த நேரத்திலும் காற்று அடுப்படிக் காற்றுதான், ஆனால் பிள்ளைகளுக்கு அது உறைப்பதில்லை.

மறுநாள் காலை ஊரில் பெருநாள். வீடியோ காலில் முற்றம் முழுக்க ஆட்கள். உம்மா புதுச் சேலையில், கையில் தொதல் தட்டோடு. தட்டை போனுக்கு அருகே கொண்டுவந்து, “எடுத்துக்கோ” என்கிறார்.

என் மகள் முந்தின நாள் போட்டுக் கசங்கிய பெருநாள் சட்டையை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து கேமரா முன் நின்றாள். “உம்மும்மா, எனக்கு இன்னைக்கும் பெருநாள். காசு?”