ஒரு சாண் மண்

கரூர் அமராவதி ஆற்று மணலில் வில்லும் அம்பும் பொறித்த சேரர் செப்புக் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்த செய்தியை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருகிறோம். சொன்னது போதும், தேடியே பார்த்துவிடலாம் என்ற ஆசையில் சென்ற கோடையில் துறை நண்பர்கள் மூவரும் மெட்டல் டிடெக்டர் வாங்கக் கோவைக்குப் புறப்பட்டோம்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். அதிர்வெண் கூடினால் சிறு காசும் அகப்படும். குறைந்தால் ஆழம் கூடும். குப்பை மிகுந்த இடத்துக்குச் சிறிய சுருள் நல்லது. இரும்பை ஒதுக்கும் வசதியும் உண்டு. அளவுமீறி ஒதுக்கினால் நல்ல காசும் தப்பிவிடும். எதுவாயினும், சிறு காசென்றால் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே கேட்பது அரிது.

அந்த ஒரு சாண் எங்களை உறுத்தியது. காசின் காலத்தைச் சொல்லுவது அது கிடந்த மண்ணடுக்கும் உடன் கிடந்த பானையோடும் அல்லவா? ஆற்று மணலில் வெள்ளம் அடுக்கைக் கலைத்துவிட்டது. கரைமேட்டில் தோண்டினால் கலைப்பவர்கள் நாங்கள். கருவி உலோகத்தை அறியும், நூற்றாண்டை அறியாது. போதாக்குறைக்கு, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். வகுப்பில் மண்ணடுக்கின் அருமை பேசிய வாய்கள் கடையில் விலை பேசிக்கொண்டிருந்தன.

வாங்காமல் திரும்பினோம். ஆசை விட்டதா என்றால் இல்லை. அமராவதிப் பாலத்தைப் பேருந்து கடக்கையில் மூவர் கண்களும் இன்னும் மணலைத்தான் துழாவுகின்றன.